நெத்திலி என்று சொன்னேன்

ஜனவரி 8, திங்கள்

இந்த நோட்டை இசக்கியம்மாள் கொடுத்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண். தினமும் ஏதாவது எழுத வேண்டுமாம். குடிக்கத் தோன்றியதா, பத்துக்கு எத்தனை என்று மார்க்கும் போட வேண்டுமாம். இதை யாரும் படிக்க மாட்டோம் என்றாள். படிக்காதவர்கள் எதற்கு நோட்டு கொடுக்கிறார்கள்? டாக்டரம்மா படிப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மா, என் பெயர் கஸ்பார். வயது ஐம்பத்து நாலு. தூத்துக்குடியில் முப்பது வருஷமாக பேக்கரி மாஸ்டர். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து நான் போட்ட மக்ரூனை வாயில் வைத்தால் முதலில் உடையும், பிறகு காணாமல் போகும். மற்ற கடைகளில் போடுவது பல்லில் ஒட்டும். குடியை விடுவதற்கு மாத்திரை, ஜெபக்கூட்டம், கையெழுத்துப் போட்ட சத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது காந்தம்.

டாக்டர் ஹபீபா பொறுமையாகத்தான் சொன்னார்கள். வெட்டு இல்லை, ஊசி இல்லை. தலைக்கு வெளியே காந்தத்தை வைத்துத் தட்டுவார்கள். ஆசை வரும்போது வேண்டாம் என்று சொல்கிற இடம் மூளையில் ஒன்று இருக்கிறதாம். என்னைப் போன்றவர்களுக்கு அது சோம்பிப் போயிருக்குமாம். தட்டித் தட்டி எழுப்பப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி இல்லை, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, மொத்தம் இருபது நாள், அளவு பார்க்கிற இன்றையது முதல் நாள். முதலில் அளவு பார்ப்பதற்காக இசக்கி ஓரிடத்தில் தட்டினாள். என் வலது கட்டைவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. இத்தனை வருஷம் என்னோடு வேலை பார்த்த விரல்.

பிறகு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். தட்டுவதற்கு முன்னால் ஆசையைக் கிளப்பிவிட வேண்டுமாம், தூங்குகிற ஆசையைத் தட்டிப் பிரயோஜனம் இல்லையாம். அதனால் எதைப் பார்த்தால், எதைக் கேட்டால், எதை மோந்தால் எனக்குக் குடிக்கத் தோன்றும்? என் மனைவி பிரகாசி பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நெத்திலிக் கருவாடு என்று சொன்னேன். சரி, நாளையிலிருந்து வறுத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

மார்க்: 4.

ஜனவரி 9, செவ்வாய்

ஆறேகால் பஸ். பிரகாசி நெத்திலியை முறுக வறுத்து எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தாள். வாகைக்குளம் தாண்டுவதற்குள் முன்சீட்டுக்காரர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். வல்லநாட்டு மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை, பனிதான் இருந்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே தண்ணீரும் தெரியவில்லை, மேலே வானமும் தெரியவில்லை. பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் போனது.

பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி. டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொள்ளச் சொன்னாள் இசக்கி. சாயங்காலம், கிளாஸ், பக்கத்தில் தட்டு நிறைய நெத்திலி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள். காதில் பஞ்சை வைத்துவிட்டு, எட்டுப் போல வளைந்த காந்தத்தைத் தலையின் இடது பக்கம் வைத்தாள். டக்டக்டக்டக் என்று நாலு விநாடி. நெற்றியில் யாரோ சுண்டுவது போல இருந்தது. அப்புறம் ஓய்வு, மறுபடியும் நாலு விநாடி. அந்த ஓய்வுகளில் நான் எங்கேயோ போய்ப் போய் வந்தேன். ஒரு தடவை உப்பளத்தில் நின்றேன். ஒரு தடவை என் அப்பாவின் வள்ளத்தில் படுத்திருந்தேன், வள்ளத்துக்கு அடியில் கடல் இல்லை.

மார்க்: முன்னால் 5, பின்னால் 2.

ஜனவரி 10, புதன்

ஜெனி போன் செய்தாள். தீப்பெட்டி வாங்கி வரலாம் என்று பீச் ரோடு வரை நடந்துவிட்டு வந்தேன். மார்க்: 3.

ஜனவரி 11, வியாழன்

டாக்டரம்மாவுக்கு ஜெனி யார் என்று தெரியாதே. ஜெனோவா, எங்கள் ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்தோம். இப்போது ஏழாம் மாதம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். ஆனால் குடிக்கிற வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி வரை பார்ப்போம் என்று பேச்சு. அதற்காகத்தான் இந்தக் காந்தம், இந்த பஸ், இந்த நோட்டு எல்லாம். பிரகாசி முன்னறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டாள், காற்று வரும் பக்கமாக.

இன்றும் ஜெனி பேசினாள். சோப்பு வாங்கப் போய் வந்தேன். மார்க்: 3.

ஜனவரி 12, வெள்ளி

ஐந்தாம் நாள். தட்டும்போது கனவு மாதிரி ஒன்று வந்தது. பெரிய அண்டாவில் முட்டை வெள்ளையை அடித்துக்கொண்டே இருக்கிறேன். நுரை ஏறி அண்டாவைத் தாண்டி, கடையைத் தாண்டி, தெருவில் இறங்கிப் போகிறது. ஜனங்கள் முழங்கால் வரை நுரையில் நடக்கிறார்கள், யாருக்கும் அவசரமில்லை. முடிந்து எழுந்தபோது ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் அலம்பிவிட்டது போல இருந்தது. இசக்கியிடம் சொன்னேன். “சில பேருக்கு தூக்கம் தட்டும், அண்ணாச்சி” என்றதோடு விட்டுவிட்டாள். இந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு என்பது மாதம் ஒருமுறை போல.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆஸ்பத்திரி விடுமுறை. ஜெனி கூப்பிட்டு, உன் பேரப்பிள்ளை உதைக்குதுப்பா என்றாள். தீப்பெட்டி வாங்கப் போனேன்.

ஜனவரி 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 17, புதன்

இசக்கி என்னை நாற்காலியில் உட்கார விடவில்லை. பக்கத்தில் வந்தாள், வாடை பட்டதும் நின்றாள், காந்தத்தைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டாள். இந்த நிலையில் தட்டினால் வலிப்பு வந்தாலும் வரும் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்கள். திட்டவில்லை. எப்போது, எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். திட்டாதவர்களிடம் என்ன சண்டை போடுவது? திரும்பி வரும் பஸ்ஸில் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பிரகாசி கேட்டாள். இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்றேன். அவள் போய் முன்னறைக் கட்டிலின் விரிப்பை எடுத்து மடித்து பீரோவில் வைத்தாள்.

ஜனவரி 19, வெள்ளி

ஏழாம் தடவை. ஒரு விஷயம் எழுத வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குத் தட்டில் நெத்திலி வைத்தாள் பிரகாசி. வாயில் போட்டேன், காகிதத்தைத் தின்பது போல இருந்தது. உப்பு இருக்கிறது, முறுகல் இருக்கிறது, நெத்திலி மட்டும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நெத்திலி இல்லாமல் சோறு இறங்கியதில்லை. காந்தம் வேலை செய்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மார்க்: நெத்திலிக்கு பூஜ்யம்.

ஜனவரி 20, சனி

ஜெனி போன். வீட்டில் இப்போது தீப்பெட்டி ஒன்பது இருக்கிறது. மார்க் போடவில்லை.

ஜனவரி 22, திங்கள்

இசக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மெஷினைப் போடாமல் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான் குறித்து வைத்திருந்த என் மார்க்கையெல்லாம் வரிசையாகப் படித்தாள்.

“அண்ணாச்சி, நெத்திலி பொய்தான?” என்றாள்.

ஏன் என்றேன். “டப்பாவத் தொறந்தா உங்களுக்குப் பசிதான் வருது, தவிப்பு வரல. நான் நாலு வருஷமா இதத்தான் பாத்துட்டிருக்கேன். தவிக்குற மூஞ்சி எனக்குத் தெரியும்.”

எட்டுத் தடவை ஒரு பெண் பிள்ளை என் தலையில் கையை வைத்து நிற்கிறாள், அவளிடம் எத்தனை நாள் நடிப்பது? சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஜெனி கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் நான்தான் போடுவதாக இருந்தேன். ஆறு மாதம் அதைத்தான் யோசித்தேன். முந்தின நாள் பேக்கரியில் எல்லாரையும் அனுப்பிவிட்டு, மூன்று தட்டையும் அடுப்பில் ஏற்றினேன். சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் ஊற்றினேன். கண் விழித்தபோது மூன்றும் கரி. வேறொரு கடையிலிருந்து, யாருக்கோ பிறந்தநாளுக்கு வைத்திருந்த கேக்கை எழுத்தைச் சுரண்டி வாங்கி வந்தார்கள். ஜெனி அதைச் சிரித்துக்கொண்டே வெட்டினாள். முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, இந்த இரண்டு வருஷத்திலும் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் போன் செய்து, தேன் மாதிரி, “அப்பா, என்னப்பா செய்யுதே?” என்று கேட்கிறாள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் எனக்குக் குடிக்க வேண்டும், தீப்பெட்டி வாங்கப் போனதெல்லாம் அதற்குத்தான். அந்தத் துண்டை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

பெற்ற பிள்ளையின் குரல் கேட்டால் குடிக்கத் தோன்றுகிறது என்று பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எந்த மனுஷன் சொல்லுவான்? அதனால்தான் நெத்திலி.

ஜனவரி 23, செவ்வாய்

பிரகாசியிடமும் சொன்னேன். பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். கடைசிக் காய் வரை சீவி முடித்தாள். பிறகு கேட்டாள், “அவ இங்க வந்து மூணு மாசம் இருந்து பேசிட்டே இருப்பாளே, அப்ப என்ன செய்வீங்க?” அதே கேள்விதான் எனக்கும்.

இசக்கியின் திட்டம் இது. இனி டப்பா வேண்டாம். ஜெனியின் குரலைக் கொண்டுவர வேண்டும். என் போனில் வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும்படி மாப்பிள்ளை எப்போதோ செய்து கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றை எடுத்து, அவள் பேசுகிற இடத்தை மட்டும் காதில் போட்டு, தவிப்பு ஏறியதும் தட்டுவது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நெத்திலியின் ருசியை எடுத்துக்கொண்டது போல ஜெனி குரலையும் எடுத்துக்கொண்டால்? அவள் அப்பா என்று கூப்பிட, எனக்கு அது காகிதம் போல இருந்தால்? டாக்டரம்மாவிடம் கேட்டேன். பாசத்தையெல்லாம் அது தொடாது என்றார்கள். நெத்திலி ஏன் போனது என்றேன். “ஆறிப்போன நெத்திலிய ரெண்டு வாரமா காலங்காத்தால ஆஸ்பத்திரில வச்சு மோந்தா யாருக்குத்தான் பிடிக்கும்?” என்றார்கள். படித்தவர்கள், சொல்வார்கள். என் நாக்கு எனக்குத் தெரியாதா?

ஜனவரி 24, புதன்

பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். குரல் போனால் போகட்டும். பிள்ளை வரட்டும். என் காதுக்கு அவள் இனிக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன கட்டாயம்?

“அப்பா, என்னப்பா செய்யுதே? சும்மாதான் கூப்ட்டேன்.” மார்க் 9. உள்ளங்கை வேர்த்து நாற்காலிக் கை நனைந்துவிட்டது. தட்ட ஆரம்பித்தாள். இன்று எங்கேயும் போகவில்லை, வள்ளமும் இல்லை, நுரையும் இல்லை. முடிந்து 8.

ஜனவரி 25, வியாழன்

முன்னால் 9, பின்னால் 7.

ஜனவரி 30, செவ்வாய்

முன்னால் 7, பின்னால் 4. அதே ஐந்து வார்த்தை, திரும்பத் திரும்ப. வார்த்தைகளெல்லாம் கரைந்துபோய் இன்று ஓசை மட்டும் மிஞ்சியது. கொலுசுச் சத்தம் போல, எங்கோ மாடியில் யாரோ நடப்பது போல. ஓய்வு விநாடிகளில் மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். இன்று ஒரு நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் ஜன்னல், எல்லா ஜன்னலிலும் காலை வெயில். யாரையும் பார்க்கவில்லை. யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

வீட்டில் ஜெனி கூப்பிட்டபோது நான் வெளியே போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

இன்று அந்தக் குரலில் ஒன்று கேட்டது. அப்பா என்பதற்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கிறாள். தண்ணீருக்குள் முங்குவதற்கு முன்னால் இழுப்பது போன்ற மூச்சு. பதினைந்து தடவை உட்கார்ந்தபிறகு இன்றுதான் கேட்கிறது. இதுவரை முதல் வார்த்தையிலேயே ஓடிவிடுவேன், மூச்சை எங்கே கேட்பது?

பிப்ரவரி 3, சனி

காலையில் பிரகாசி மார்க்கெட்டுக்குப் போனபிறகு போனில் பதிவாகியிருந்த எல்லாவற்றையும் கேட்டேன். அவள் பேசுவதை மட்டும் அல்ல, நான் பேசியதையும். என் குரலை நான் இப்படிக் கேட்டதே இல்லை. சில நாள் ஒழுங்காக இருக்கிறது. சில நாள் நாக்கில் மாவு ஒட்டியது போல. நல்லா இருக்கேன் மக்கா என்று நான் சொல்லி முடிக்க அத்தனை நேரம் ஆகிறது.

ஒழுங்காக இருக்கிற நாளில் அவள் பேசிக்கொண்டே போகிறாள், மாடிப்படி, வாந்தி, மாமியார் வைத்த மீன்குழம்பு என்று. நாக்கு தடித்த நாளில் ஒரு நொடி சும்மா இருக்கிறாள். பிறகு, “சரிப்பா. அம்மாட்ட குடு.” எல்லாப் பதிவிலும் அப்படியே. ஒன்றில்கூட தப்பவில்லை.

கேக் வெந்துவிட்டதா என்று நான் குச்சி விட்டுப் பார்ப்பேன். குச்சியில் மாவு ஒட்டினால் அடுப்பை மூடிவிடுவேன். இரண்டு வருஷமாக என் பிள்ளை வாரம் மூன்று தடவை எனக்குள் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறாள். நான் அதைத் தேன் என்று நினைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல் குடித்தேன். அவள் மன்னிக்கவே இல்லை. பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நானே கூப்பிட்டேன். நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவள் பதறிப்போய், அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள்.

“அம்மா நல்லா இருக்கா. ஜெனி, நீ சும்மா கூப்பிடல. எனக்கு நாக்கு குழறுதான்னு பாக்கத்தான கூப்பிடுதே?”

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது.

“ஆமாப்பா” என்றாள்.

பிறகு பேசினாள். நாற்பது நிமிஷம். கேக்கைப் பற்றிப் பேசினாள். அந்தத் துண்டை ஊட்டும்போது என் வாயிலிருந்து வந்த வாடையைப் பற்றிப் பேசினாள், போட்டோவில் தான் சிரிப்பது எதனால் என்று சொன்னாள். தான் திட்டினால் நான் இன்னும் குடிப்பேன் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னாள். அவள் சின்ன வயதில் அவளுடைய பள்ளிக்கூட வாசலில் நான் விழுந்து கிடந்ததைச் சொன்னாள், அது எனக்கு ஞாபகமே இல்லை. நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி திட்டினாள். நான் போனை வைக்கவில்லை. தேன் இல்லாத குரல். காகிதமும் இல்லை. என் பிள்ளை குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

கடைசியில் சொன்னாள், “வரதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலப்பா. பிள்ளய வச்சுட்டு எனக்குப் பயமா இருக்கு.” நான் என்ன செய்ய வேண்டும் என்றேன். தெரியலப்பா என்றாள்.

போனை வைத்தபிறகு வாசலில் போய் நின்றேன். குடிக்க வேண்டும் என்று தோன்றியது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அது தெருவின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தது, தெரிந்த ஆள் போல. நான் கூப்பிடவில்லை, அதுவும் வரவில்லை. உள்ளே வந்து பிரகாசிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இருபதாம் தடவை. இசக்கி கடைசித் தட்டு முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, தலையை ஒருமுறை தடவினாள், காந்தம் பட்ட இடத்தை. இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், மாதம் ஒருமுறை வர வேண்டும், மாத்திரை உண்டு, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் உண்டு என்றார்கள் டாக்டரம்மா. நோட்டையும் நிறுத்தக் கூடாதாம். படித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இப்போது நம்புகிறேன்.

ஜெனியிடமிருந்து நாலு நாளாகப் போன் இல்லை.

பிப்ரவரி 10, சனி

பத்தரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை முதலில் இறங்கினார், பிறகு சம்பந்தியம்மா. ஜெனி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. பிரகாசி ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தலை. நான் படியில் நின்றேன்.

ஜெனி அம்மாவின் கையை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள். என்னப்பா செய்யுதே என்று கேட்கவில்லை, சிரிக்கவில்லை. வயிறு என் மேல் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் நின்று, முகத்தை நிமிர்த்தினாள்.

“ஊது” என்றாள்.

சம்பந்தியம்மா வேறு பக்கம் பார்த்தார்கள். மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்து மூடினார். முப்பது வருஷம் மாஸ்டராக இருந்தவன் நான், என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஊதினேன்.

அவள் கண்ணை மூடி மோந்தாள். “இன்னொரு தடவ” என்றாள். மறுபடி ஊதினேன்.

“தெனமும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.